பாடுகிறவரைக் காணோம்

அத்தியாயம் 9

மாப்பிள்ளையின் மூன்றாவது உதை விலாவில் விழுந்தபோது, தூணில் கட்டியிருந்தவனிடமிருந்து வெறும் மூச்சுதான் வந்தது. தாடை உடைந்தவனால் கத்தக்கூட முடியாது என்பது பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“போதும் மாப்பிள்ளை. நாலு மணி வரைக்கும் அவன் மேல கை படக் கூடாது. தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“எப்படி மாமா பொறுக்கிறது? சின்ன மாமாவைக் கொன்னவன் மூச்சு விடுறான். அதைப் பாத்துக்கிட்டு நான் நிக்கணுமா?” மாப்பிள்ளை கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தரையில் ஓங்கித் தட்டினார். கண்கள் சிவந்திருந்தன. இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை.

பெரியவர் கிடங்கை விட்டு வெளியே வந்தார். அறுபத்தெட்டு வயதிலும் வளையாத முதுகு. பட்டறையில் கல் அறுக்கும் எந்திரம் ஒரே சீராக அலறிக்கொண்டிருந்தது. அது நாலு மணிக்கு நிற்கும். நின்றதும், தூணில் கட்டிக் கிடக்கும் தங்கை மகனைப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சேற்றுக்குழியில் இறக்கிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அறுக்கும் தண்ணீரும் கல்மாவும் கலந்து தேங்குகிற குழி அது. உள்ளே போன எதுவும் ஒரு வாரத்தில் கல்லோடு கல்லாகிவிடும்.

நடந்தது இதுதான். முந்தாநாள் நண்பகலில், பெரியவரின் தம்பியான சின்னவர் அலுவலக அறையில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் கல் உடைக்கிற சுத்தியல். எந்திரச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆட்கள் ஓடி வந்தபோது, தங்கை மகனைத் தரையில் போட்டு மாப்பிள்ளை அமுக்கிக்கொண்டிருந்தார். பிடித்த வேகத்தில் அவன் தாடையும் வலது கை விரல்களும் நொறுங்கியிருந்தன. பலகைக்கல் சரிந்து விழுந்து தம்பி போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. கொலை என்ற சொல் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தண்டனையும் தாண்டாது. அந்த வீட்டில் எது நடந்தாலும் அந்த வீட்டிலேயே முடியும். பெரியவரின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஆனால் தங்கை காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “அண்ணா, ஒரு மணி நேரம். வெளியாள் ஒருத்தர் வந்து பாக்கட்டும். அவரும் கொன்னது என் மகன்தான்னு சொல்லிட்டா, நானே அவனைக் குழிக்குக் கூட்டிட்டு வரேன்” என்றாள்.

அந்த வெளியாள் இப்போது அலுவலக அறை வாசலில் நின்றிருந்தார். துப்பறிகிறவர். பாட்டில் அடி மாதிரி தடித்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் பட்டறை ஆட்கள் வந்த உடனே அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். கூட ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கைபேசி பழுது பார்க்கும் கடையில் இருந்தவளாம். அவளைப் பட்டாசு என்றுதான் அவரே கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் போனை இந்தக் கூடையில போடுங்க” என்றார் பெரியவர். “வேற ஏதாவது வச்சிருந்தாலும் போடுங்க. இந்த ரூம்ல இருக்கிறது எதுவும் வெளியே போகக் கூடாது.”

பட்டாசு போனைப் போட்டாள். பென்டிரைவைப் போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சீப்பையும் போட்டாள். “காதுல கேட்டதை என்ன பண்றது ஐயா? காதையும் கழட்டிப் போடணுமா?”

“இந்தப் பொண்ணு வாயை மூடாதா?”

“தூங்கும்போதுகூட மூடினதில்லைங்க” என்றார் கண்ணாடிக்காரர். “பையனைப் பாத்துட்டுத்தான் வரேன். அவன் எழுதுற கை எது?”

“வலது.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அறையில் எல்லாமே கல். கனமான கருங்கல் மேசை. அதன் இடது ஓரத்தில் கம்ப்யூட்டர். கல்தூசு புகாமலிருக்க அந்தப் பெட்டிக்கும் பலகைக்கல்லில் ஒரு கூடு. முன்பக்கப் பலகையில் ஹெட்போன் செருகுவதற்கு விரல் நுழையாத ஒரு துளை. எல்லாம் பெரியவர் தன் கையால் அறுத்துத் துளைத்தவை. மேசை நடுவில், இடப்பக்கச் சத்தத்தையும் வலப்பக்கச் சத்தத்தையும் தனித்தனியாக வாங்குகிற ஒரு குட்டி மைக் நின்றது. நாளைக்கு அளவுத் தகராறு வரக் கூடாது என்று, வருகிறவர்கள் பேசுவதைச் சின்னவர் அதில் பதிந்துகொள்வார். எதிரே ஆள் உட்கார்ந்தால் போதும், கை தானாகப் பொத்தானைத் தட்டிவிடும்.

“எதிரே ஒரு நாற்காலிதான் இருக்கு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“வாடிக்கையாளருக்கு. வீட்டு ஆளுங்கன்னா மாப்பிள்ளை மட்டும்தான் உக்காருவார். மத்தவங்க கதவோரம் நின்னு பேசிட்டுப் போகணும். மரியாதை.”

“உங்க தங்கச்சி மகன்?”

“நிப்பான். எப்பவும் வலது பக்கம், கதவோரம். அன்னைக்கும் அங்கதான் நின்னு கத்தியிருக்கான். பொத்தானைத் தட்டுற பழக்கம் தம்பியை விடல. சாகுறப்பகூடப் பதிஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான். போட்டுக் கேளுங்க. அப்புறம் ஒரு மணி நேரம் எதுக்குன்னு நீங்களே கேப்பீங்க.”

ஒரு ஹெட்போன்தான் இருந்தது. அந்த வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது. உள்ளே பேசுவதும் பாடுவதும் வெளியே கேட்கக் கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். கண்ணாடிக்காரர் ஒரு காதிலும் பட்டாசு ஒரு காதிலும் வைத்துக்கொண்டார்கள். பெரியவருக்கு அதைக் கேட்கத் தேவையில்லை. பதினோரு தடவை கேட்டு மனப்பாடமாகியிருந்தது. முதலில் ஓங்காரம் மாதிரி ஓர் இரைச்சல். பிறகு தம்பியின் குரல், தகரத்துக்குள்ளிருந்து வருவது போல: “அண்ணன் காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?” மறுபடி இரைச்சல். “இன்னைக்கே சொல்றேன்.” மறுபடி இரைச்சல். பிறகு தங்கை மகன்: “இன்னொரு தடவை கை வச்சே, கொன்னுடுவேன்!” நாற்காலி இழுபடும் சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி.

“போன வாரம் பலகைக்கல் ஒண்ணை இவன் கீழ போட்டு உடைச்சான்” என்றார் பெரியவர். “ஆளுங்க முன்னாடி தம்பி ஒரு அறை விட்டான். அந்த வன்மம். தூக்கி வளத்த மாமனைப் பாத்து, கை வச்சே, கிழிச்சேன்னு பேசியிருக்கான். அதுக்கே நாக்கை அறுக்கணும்.”

“பேச முடியாதபடி ஏற்கெனவே பண்ணிட்டீங்களே” என்றாள் பட்டாசு.

பெரியவர் அவளை முறைத்தார். அவள் முறைப்பை வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். “பாஸ், குரல் என்ன இப்படி இருக்கு? ரெண்டு பேரும் கிணத்துக்குள்ள இறங்கி நின்னு சண்டை போட்ட மாதிரி.”

“பழைய பெட்டி. தூசு போயிருக்கும்” என்றார் பெரியவர்.

“முன்னாடியும் இப்படித்தான் கேக்குமா?”

“நல்லா கேக்கும்.” பதில் வாசலிலிருந்து வந்தது. பெரியவரின் மகள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். வேர்த்துக் கொட்டும் அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படித்தான் உடுத்துகிறாள். அந்த அடக்கத்தைப் பெரியவர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். “சித்தப்பா இதுல பாட்டுக் கேப்பாரு. எனக்கும் போட்டுக் காட்டியிருக்காரு. கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“நீ உள்ள போ” என்றார் அவளுக்குப் பின்னால் வந்த மாப்பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னார். செம்பிலிருந்த தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது.

பட்டாசு வேலையில் இறங்கினாள். ஒலி அளவைக் கூட்டினாள், குறைத்தாள். ஒலிக்கு மெருகேற்றும் அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்தாள். அதே கிணறு. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். அது கண் விழிக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதே கிணறு. சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தைந்து காட்டியது.

“கோளாறு பதிவுல இருக்கா, இல்ல நாம கேக்கிற வழியில இருக்கா?” என்றார் கண்ணாடிக்காரர். “வேற எதையாவது போடு.”

சின்னவர் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளில் ஒன்றைப் போட்டாள். கண்களை மூடிக் கேட்டவள் சட்டென்று திறந்தாள். “பாஸ், தபேலா இருக்கு. வயலின் இருக்கு. கைத்தட்டல்கூட இருக்கு. பாடுறவரைக் காணோம்.”

“என்ன?”

“வரவே இல்ல. சம்பளம் தரலையோ என்னவோ.” இன்னொரு பாட்டு. இன்னும் ஒன்று. “இதுலயும் ஆள் லீவு.”

மாப்பிள்ளை இரண்டே எட்டில் உள்ளே வந்து கண்ணாடிக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். மண்டை கல்லில் பட்ட சத்தம் தேங்காய் மோதியது போல் கேட்டது. மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டது.

“எங்க வீட்ல இழவு விழுந்திருக்கு. பாட்டுக் கேக்கவாடா வந்தே?”

“மாப்பிள்ளை! விடுங்க!”

“மாமா, இவனுங்க நேரத்தைக் கடத்துறானுங்க. இப்பவே கதையை முடிச்சிடலாம்.”

“நாலு மணின்னு சொல்லியாச்சு. என் வாயிலிருந்து வந்தது. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்கூடக் குறைக்க மாட்டேன்.”

மாப்பிள்ளை கையை எடுத்தார். கண்ணாடிக்காரர் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். விரல்களில் ரத்தம். விரிசல் விட்ட கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நன்றிங்க. இப்ப எல்லாரும் ரெண்டு ரெண்டாத் தெரியறீங்க. பட்டாசு, ஹெட்போனைப் பிடுங்கு.”

அவள் கல் கூட்டின் துளையிலிருந்து ஹெட்போன் முனையை இழுத்தெடுத்தாள். கண்ணாடிக்காரர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இது புதுசா?”

“பழையது அன்னைக்கு நடந்த தள்ளுமுள்ளுல மிதிபட்டு நொறுங்கிடுச்சு” என்றார் பெரியவர். “டிரைவரை விட்டு வாங்கியாந்தது.”

“பழையதோட முனை ஒல்லியா இருந்திருக்கும். இதோட கழுத்துல பாருங்க, ரப்பர் எவ்வளவு தடிமன். உங்க கல்துளையில இடிச்சுக்கிட்டு நிக்குது. கடைசி ரெண்டு மில்லிமீட்டர் உள்ள போகவே இல்ல.”

“ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன ஆகிடும்?” என்று கேட்டபோதே பெரியவருக்கு நாக்கு கூசியது. வாழ்நாள் முழுக்க ஒரு மில்லிமீட்டர் தவறிய கல்லைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

“ஒரு ஆளே காணாமப் போயிடுவாருங்க. பாடுறவர் நடுவுல நிக்கிறதால அவர் குரல் ரெண்டு காதுக்கும் ஒரே அளவா வரும். வாத்தியமெல்லாம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். முனையோட அடிப்பாகம் சரியாத் தொடலேன்னா, ஒரு காதுக்கு வர்றதை இன்னொரு காதுக்கு வர்றது தின்னுடும். ரெண்டுலயும் ஒண்ணா இருக்கிறது அழிஞ்சு போகும். வித்தியாசமா இருக்கிறது மட்டும் மிஞ்சும்.”

“ஓரத்துல நின்னவன் மாட்டிக்குவான், நடுவுல உக்காந்தவன் தப்பிச்சுக்குவான்” என்றாள் பட்டாசு. “ஊர்ல நடக்கிறதுதான் ஐயா. கம்ப்யூட்டரும் கத்துக்கிச்சு.”

பெரியவரின் பார்வை மேசை நடுவிலிருந்த மைக்கின் மேல் விழுந்தது. தம்பி உட்கார்வது அதற்கு இடது பக்கம். தங்கை மகன் நிற்பது வலது பக்கம். மைக்குக்கு நேர் எதிரே, நூல் பிடித்தாற்போல், அந்த ஒற்றை நாற்காலி.

அவர் அதை யோசிக்க விரும்பவில்லை. யோசனை கேட்டுக்கொண்டு வருவதில்லை.

“மணி ஆகுது மாமா” என்றார் மாப்பிள்ளை. குரலில் இப்போது கோபம் இல்லை. “நான் போய் அவனைக் கட்டவிழ்க்கிறேன்.”

“நில்லுங்க.”

பட்டாசு மேசையிலிருந்த ஓர் உளியை எடுத்துத் துளையின் விளிம்பில் வைத்தாள். பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “அது நான் அறுத்த கல். உனக்கு உடைக்கத் தெரியும், செதுக்கத் தெரியாது. தள்ளு.”

அவரே உளியை வைத்தார். அலமாரியிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். ஒரே ஒரு தட்டு. விளிம்பிலிருந்து பிறை மாதிரி ஒரு சில்லு கழன்று விழுந்தது. மறு பக்கம் இன்னொரு தட்டு. ஹெட்போன் முனையைச் செருகினார். க்ளிக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது. இரண்டு நாளாக அந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டாசு ஒரு பாட்டைப் போட்டுக் காதில் வைத்தாள். “வந்துட்டாரு பாஸ்! என்னமா பாடுறாரு மனுஷன்!”

“அதை நிறுத்து” என்றார் பெரியவர். “தம்பி பேசினதைப் போடு. நான்தான் முதல்ல கேப்பேன். என் வீடு.”

அவள் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அறையில் நாலு பேர் இருந்தார்கள். கேட்டது ஒருவர்தான்.

ஓங்காரம் போன இடத்தில் ஒரு குரல் இருந்தது. இரண்டு காதுகளுக்கும் நட்ட நடுவே, அவருடைய மண்டைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியது.

“என் பொண்டாட்டி. அடிப்பேன், மிதிப்பேன். கேக்க நீங்க யாரு?”

“அண்ணன் காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?”

“யாரு சொல்லப் போறா? அவ சொல்ல மாட்டா. அப்பா மானம் போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பா. அந்த தைரியத்துலதானே நான் இருக்கேன்.”

“இன்னைக்கே சொல்றேன்.”

“சொல்லுங்க. ராத்திரி அவளோட இன்னொரு கையையும் ஒடச்சு வைக்கிறேன்.”

“இன்னொரு தடவை கை வச்சே, கொன்னுடுவேன்!”

தங்கை மகனின் அந்த மிரட்டலுக்கு ஒரு சிரிப்பு. நாற்காலி இழுபட்டது. முதல் அடி. மைக்குக்கு நேர் எதிரே ஓடி வந்த தங்கை மகன் “ஐயோ, மாமா!” என்று அலறினான். இரண்டாவது அடி. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே நடுக்குரல் சொன்னது: “நீ பாத்துட்டே இல்ல? வாயைத் தொற, பாப்போம்.” அப்புறம் எலும்பு ஒடிகிற சத்தம். ஒவ்வொரு விரலாக.

பெரியவர் ஹெட்போனைக் கழற்றினார்.

“என்ன மாமா?” என்றான் மாப்பிள்ளை. “தெளிவாக் கேட்டுச்சா? அவன்தானே?”

பெரியவர் வாசலைப் பார்த்தார். மகள் உள்ளே போகாமல் அங்கேயே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“இங்க வாம்மா. கையைக் காட்டு.”

அவள் வரவில்லை. அவரே போனார். ரவிக்கைக் கையின் பொத்தானை அவிழ்த்து மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்பும் மஞ்சளும் பச்சையும். பழைய காயத்தின் மேல் புதிய காயம். ஒழுங்காகக் கூடாத எலும்பு ஒன்று தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்ட அடக்கம் அது.

பின்னால் கல் பிளந்தது. மாப்பிள்ளை பெரிய சுத்தியலை எடுத்துக் கம்ப்யூட்டர் கூட்டின் மேல் இறக்கியிருந்தான். இரண்டாவது அடியில் பலகைக்கல் நாலாகச் சிதறியது. மூன்றாவது அடியில் உள்ளே இருந்த பெட்டி தகடாகி, பச்சைச் சில்லுகள் தெறித்தன. தடுக்கப் போன கண்ணாடிக்காரரின் தோளில் சுத்தியல் உரசிப் போனதில் அவர் சுருண்டு மேசையடியில் விழுந்தார். பட்டாசு சிதறிய கூட்டிலிருந்து இரண்டு கை நிறையக் கல்தூசை அள்ளி அவன் முகத்தில் எறிந்தாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே குருட்டாம்போக்கில் சுத்தியலைச் சுழற்றினான். கதவைத் தேடினான். கிடங்கில் கட்டியிருப்பவனைத் தேடிப் போகிறான் என்பது பெரியவருக்குப் புரிந்தது.

அவர் கதவை மறித்து நின்றார்.

சுத்தியல் அவர் இடது முன்கையில் இறங்கியது. எலும்பு ஒடிந்தது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பெரியவர் ஓர் அங்குலம் நகரவில்லை.

“நகருங்க மாமா!”

“முடியாது.”

அவனுக்கு மூச்சு இரைத்தது. கண்ணிலிருந்து நீரும் தூசும் சேறாக வழிந்தன. திடீரென்று சிரித்தான். ஹெட்போனில் கேட்ட அதே சிரிப்பு.

“சரி. என்ன பண்ணிடுவீங்க? பெட்டி போச்சு. கேட்டது நீங்க ஒருத்தர்தான். சொல்லப் போறீங்களா? பொண்ணு புருஷன்கிட்ட அடி வாங்குறா, மாப்பிள்ளை கொலைகாரன், தம்பி கல் விழுந்து சாகலேன்னு ஊர் வாயில விழணுமா? செத்துப் போயிடுவீங்க மாமா. உங்களை எனக்குத் தெரியாதா?”

மேசையடியிலிருந்து கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். “வாயையும் எழுதுற கையையும் பாத்துப் பாத்து உடைச்சிருக்கான்னு பையனைப் பாத்தப்பவே தோணுச்சு. ஆனா தோணுறதை வச்சு யாரையும் ஜெயில்ல போட முடியாது. அவன் சொல்றது சரிதாங்க. நாங்க எதையும் கேக்கல. இனி நீங்க என்ன சொல்றீங்களோ, அதுதான் நடந்தது.”

அப்போது பட்டறையில் எந்திரம் நின்றது.

அந்த அமைதியில் காது வலித்தது. காலடிகள் வந்தன. மேஸ்திரியும் ஆறு ஆட்களும் வாசலில் நின்றார்கள். கயிறும் கடப்பாரையும் கையில் இருந்தன. உடைந்த கூட்டையும் தொங்கும் கையையும் பார்த்து மேஸ்திரிக்கு வாய் குழறியது. “ஐயா, நாலாச்சு. குழிக்குக் கொண்டு போகட்டுங்களா?”

“கொண்டு போ” என்றான் மாப்பிள்ளை.

ஆட்கள் அவனைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்தார்கள். ஒரு தலையசைப்புப் போதும். வீடு முன்பு போலவே இருக்கும். வாசலைத் தாண்டி ஒரு சொல் போகாது. இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்தது அந்தத் தலையசைப்பில் நின்றது.

மகள் அவர் சட்டையைப் பற்றினாள். “அப்பா, சொல்லாதீங்க. நான் பொறுத்துக்கறேன். நம்ம வீட்டுப் பேரு...”

பெரியவருக்கு ஒடிந்த கையில் அதுவரை வலி இல்லை. இப்போது வலித்தது. இந்தச் சொற்களை இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

“அவிழ்த்து விடுங்கடா என் தங்கச்சி மகனை” என்றார். “இவனைக் கட்டுங்க.”

“யாரைங்க ஐயா?”

அவர் நல்ல கையை நீட்டிக் காட்டினார். மாப்பிள்ளை சுத்தியலை ஓங்கினான். அது இறங்குவதற்குள் ஏழு பேர் அவன் மேல் விழுந்தார்கள். இரண்டு நாளாகத் தப்பான ஆளின் மேல் தேக்கி வைத்திருந்த கோபம் முழுக்க ஒரு நிமிடத்தில் அவன் மேல் இறங்கியது. மூக்கு உடைந்தது. முட்டி திரும்பியது. கயிறு சதையில் புதைந்தது. யாரோ அவன் தலைமுடியைப் பிடித்துக் குழி இருக்கும் திசையில் இழுத்தார்கள்.

“நிறுத்துங்க!” அவர் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. “குழி வேணாம். குழியில போட்டா மறைஞ்சிடும். இது மறையக் கூடாது.”

கூடையிலிருந்து ஒரு போனை எடுத்தார். ஒற்றைக் கையால் தடவினார். அது திறக்கவில்லை.

“அது என்னோடது ஐயா” என்றாள் பட்டாசு. “கோடு போட்டாத்தான் திறக்கும். இருங்க.” அவள் கோடு போட்டாள். மூன்றாவது தடவையில்தான் திறந்தது.

பெரியவர் காவல் நிலையத்துக்குப் பேசினார். கல்லுக்கு அளவு சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “முந்தாநாள் என் பட்டறையில கல் சரிஞ்சு தம்பி செத்தான்னு சொன்னேன். பொய். என் மாப்பிள்ளை சுத்தியலால அடிச்சுக் கொன்னான். என் காதால கேட்டேன். அதை மறைச்சது நான். தப்பே பண்ணாத ஒருத்தனை ரெண்டு நாள் கட்டிப் போட்டு அடிக்க விட்டதும் நான். விலங்கு ரெண்டு கொண்டு வாங்க.”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

“ஆமா. யாரு வேணா கேட்டுக்கட்டும். கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன்.”

தங்கை மகனைத் தாங்கிக்கொண்டு அவன் அம்மா உள்ளே வந்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் வீங்கிய கண்ணைத் திறந்து அறையைப் பார்த்தான். பழக்கம் விடவில்லை. வலது பக்கம், கதவோரம், வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றான். கால்கள் தாங்கவில்லை.

“உக்காரு” என்றார் பெரியவர்.

அவன் அந்த நாற்காலியைப் பார்த்தான். அசையவில்லை. மகள்தான் போய் அதை இழுத்துப் போட்டாள். அவனுடைய இடது கையைத் தன்னுடைய உடையாத கையால் பிடித்து அவனை உட்கார வைத்தாள். கருங்கல் மேசையில், மைக்குக்கு நேர் எதிரே.

பெரியவர் கதவோரம் போய், அவன் நின்றிருந்த இடத்தில் நின்றுகொண்டார்.